கியூசி பாஸ் செய்த ஒரே பெயர்

ஓசூரில் உற்பத்தியாகி ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் பிரேக்குகள் இன்றைக்கும் பிடிக்கின்றன என்றால், அதற்கு எங்கள் கியூசி ஒருத்திதான் காரணம். மற்ற எல்லாரும் சும்மா சம்பளம் வாங்கியவர்கள். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு டிரே நிறையச் சாமானோடு அவள் மேசைக்கு முன்னால் நின்று பார்த்திருக்க வேண்டும். கடவுளே உலகத்தைப் படைத்து எடுத்துவந்து அந்த மேசையில் வைத்திருந்தாலும், வெர்னியர் வைத்து அளந்துவிட்டு, "மேலயும் கீழயும் தட்டையா இருக்குது. ரீவொர்க்" என்று திருப்பி அனுப்பியிருப்பாள்.

கியூசி என்பது அவள் பெயர் இல்லை, அவள் செய்த வேலை, குவாலிட்டி கன்ட்ரோல். தயாரான சாமான் சரியான அளவில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சரி என்றால் பச்சை ஸ்டிக்கர், திருத்தலாம் என்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு. அவள் ராயக்கோட்டைப் பக்கத்துக்காரி, திருநங்கை. வீட்டில் வைத்த ஆண் பெயரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவள். புதுப்பெயர் இன்னும் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் வேலையின் பெயரே அவள் பெயராக இருந்தது.

"கியூசின்னா அதுல ஆம்பளையும் இல்ல, பொம்பளையும் இல்ல. வசதியா இருக்குது" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே முடிந்துவிடும்.

நான் பாரூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள். என் பெயரை நானே சிலேட்டில் எழுதிக் காட்டிய அன்றைக்கு, அதை அழிக்க விடாமல் அப்பா பரணில் ஏற்றி வைத்துவிட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு வேறு சிலேட் தேட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து டிப்ளமோ முடித்து, மிடுக்காக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கியூசி என் டிரேவைத் திருப்பி அனுப்பினாள். கூடவே, "நிக்கறது கூட ஒரு பக்கம் சாஞ்சிருக்குது ட்ரெய்னி. ஷூ தேய்மானமா, இல்ல பொறவியிலயே அப்படியா?" என்று கேட்டாள். நான் ட்ரெய்னி கட்டத்தைத் தாண்டி நிரந்தரம் ஆன பிறகும் அவளுக்கு ட்ரெய்னிதான்.

ஒரு நாள் கேண்டீன் இட்லிக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்தார்.

"ஏம்மா, இட்லில என்னா குறை?"

"விட்டம் சரியா இருக்குது. நடுவுல தடிமன் பத்தல. சட்னி வழிஞ்சு ஓடுது."

"வழிஞ்சா தொட்டுத் தின்ன வேண்டியதுதானே?"

"நீங்க பண்ணின தப்புக்கு நான் என்னாத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணணும்?"

மறுநாள் மாஸ்டர் தன் கையாலேயே ஓர் இட்லியைக் கொண்டுவந்து அவள் தட்டில் வைத்துவிட்டு, வெர்னியர் மூடும்வரை மூச்சு விடாமல் நின்றார். பச்சை கிடைத்தது. அந்த ஸ்டிக்கரைச் சட்டைப் பையின்மேல் ஒட்டிக்கொண்டு மத்தியானம்வரை திரிந்தார்.

அவளிடம் நடக்காத ஒரே காரியம் டீவியேஷன். சில சமயம் ஒரு சாமானின் அளவு வரைபடத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் விலகியிருக்கும், ஆனால் ஒழுங்காக வேலை செய்யும். அப்போது, 'விலகித்தான் இருக்கிறது, இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். எல்லாக் கம்பெனியிலும் உண்டு. கியூசியின் மேசையில் மட்டும் கிடையாது. மேனேஜரே வந்து நின்று கெஞ்சியும் பார்த்தார்.

"வெலகினது வெலகினதுதான் சார். இன்னிக்கு ஒண்ண விட்டா, நாளைக்கு அளவுக்கே மரியாதை இருக்காது."

இந்த மனுஷியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஒரு கலை விழா நடத்தினோம்.

யோசனை மஞ்சுவுடையது. மஞ்சு என்றதும் ரெட்டைச் சடை போட்ட பெண்ணை நினைத்துக்கொள்ள வேண்டாம். அத்திப்பள்ளிப் பக்கம் மஞ்சுநாத்துகளை மஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் மஞ்சு மீசை வைத்தவன், பையன்களைக் காதலிப்பவன், அருமையாக ஆடுபவன். எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும். இதை முன்பே இந்த முகநூல் பக்கத்தில் எழுதி வாழ்த்தும் வசவும் சரிசமமாக வாங்கியாயிற்று, மறுபடி தொடங்கவில்லை. எங்களைப் போல இன்னும் சிலர், எல்லாரும் ஷிஃப்டில் வேலை செய்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கியூசியின் வாடகை வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம்.

"பெங்களூர்ல எல்லாம் நடக்குது. பஸ் ஏறிப் போறோம், ஒரு நாள் பூரா நாமளா இருக்கறோம். திரும்பி வர்றப்ப செக்போஸ்ட் தாண்டினதும் மறுபடியும் வேஷம் போட்டுக்கறோம்" என்றான் மஞ்சு. "நம்ம ஊர்லயே ஒரு நாள் அப்படி இருக்கணும் அக்கா."

கியூசிதான் முதலில் பேசினாள். "செய்யலாம். ஆனா அரைகொறையா செஞ்சா நான் விட மாட்டேன்."

அவள் விடவில்லை. மஞ்சுவின் நடனத்தை நிறுத்தி, வலது கை தொண்ணூறு டிகிரியில் இருக்கிறது, இடது கை எண்பத்தைந்துதான் என்றாள்.

"அக்கா, இது டான்ஸ் அக்கா. இரும்பு பிராக்கெட் இல்ல."

"பிராக்கெட்டா இருந்தா அப்பவே தூக்கி ரிஜெக்ட் தொட்டில போட்டிருப்பேன். டான்ஸ்ங்கறதாலதான் பேசிகினு இருக்கேன்."

நான் எழுதிய கவிதையை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "இதுல திரும்பத் திரும்ப வலி வலின்னு வருது. ஒரு போல்ட்ட நல்லா டைட் பண்ணினா போதும் ட்ரெய்னி. எதுக்கு இத்தன?" அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

விழாவை எப்படித் தொடங்குவது என்று பேச்சு வந்தது. அதற்கும் அவள்தான் வழி சொன்னாள்.

"குத்துவிளக்கு வேணாம். தலைமை, பொன்னாடை ஒண்ணும் வேணாம். நாம எல்லாரும் வரிசையா மேடையேறி, மைக்ல அவங்கவங்க பேரச் சொல்லணும். சொந்தப் பேரு. சத்தமா. மைக் டெஸ்டிங்கும் ஆச்சு, தெறப்பு விழாவும் ஆச்சு."

எல்லாரும் கைதட்டினோம். சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டல் அடங்கியதும் மஞ்சு மெதுவாகக் கேட்டான். "அக்கா, நீங்க?"

கியூசி மாடிச் சுவரைப் பார்த்தாள். ஏதோ மட்டம் பார்ப்பதுபோல அதன் நீளத்துக்கும் பார்த்தாள்.

"நான் பார்க்கிங் பாத்துக்கறேன்" என்றாள்.

நாங்கள் விடவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். விழாவுக்குள் ஒரு பெயர் பாஸ் ஆனால் மேடை. இல்லை என்றால் பார்க்கிங். பெயருக்கு விதியும் அவளே போட்டாள். இந்த ஊரில் வாயைத் திறந்தால் எந்த மொழி வரும் என்று தெரியாது. அதனால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பெயர் தேற வேண்டும்.

ஆளுக்கொரு பெயர் கொண்டுவந்தோம். அதைச் சொல்லிச் சில நாட்கள் கூப்பிடுவோம். பிறகு அவள் தீர்ப்புச் சொல்வாள்.

யாழினி. "ழ இந்த ஊர்ல அசெம்பிளி ஆகல. யாலினி, யாளினி, யாசினி. நேத்து ஒருத்தர் ஏலக்கின்னாரு, கன்னடத்துல ஏலக்கா. ரிஜெக்ட்."

வானதி. "வூட்டு ஓனரம்மா தெலுங்கு. பாதிய முழுங்கிட்டு வானா, வானாங்குது. வானான்னா மழை. மாடில துணி காயப் போட்டிருக்கறவங்கல்லாம் ஓடறாங்க. ரிஜெக்ட்."

தாரா. "தான்னா கன்னடத்துல கொண்டா. ரான்னா தெலுங்குல வா. என்னைக் கூப்பிட்டா நான் கொண்டாரணுமா, சும்மா வரணுமா?"

இனியா என்ற பெயரை நான் ஆசையாகக் கொண்டுபோனேன். மஞ்சு உதட்டைக் கடித்துக்கொண்டான். கன்னடத்தில் இனியா என்றால் காதலனாம். ஆணைக் குறிக்கும் சொல். கியூசி என்னைப் பார்த்த பார்வையில் சிவப்பு ஸ்டிக்கரே தேவைப்படவில்லை. "இதுக்காகவா ட்ரெய்னி இம்மாந் தூரம் வந்தேன்?"

கவிதா என்றால் லைனில் மூன்று பேர் திரும்பினார்கள். அதுவும் போயிற்று.

விழா நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் கேண்டீனில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "பெத்தவங்க பொறந்த கொழந்தைக்கு அஞ்சு நிமிஷத்துல பேரு வெக்கறாங்க. உனக்கு மட்டும் என்னக்கா இவ்ளோ சோதனை?"

அவள் சாதத்தைப் பிசைந்தபடியே பதில் சொன்னாள்.

"காய்ச்சல்ல ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல. அங்க சீட்டுல இருந்தது பழைய பேரு. நர்ஸம்மா சத்தமா கூப்பிட்டாங்க. நான் பொடவ கட்டிகினு உக்காந்திருக்கேன். அந்தப் பேருக்கு எப்படி எழுந்துக்கறது? மறுபடியும் கூப்பிட்டாங்க. எல்லாரும் அந்த ஆளு எங்க, எங்கன்னு தேடறாங்க. நானும் தேடினேன் ட்ரெய்னி. அவங்களோட சேந்து நானும் திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா. எழுந்து வந்துட்டேன்."

"காய்ச்சல்?"

"அதுவா போயிடுச்சு." தண்ணீரை எடுத்துக் குடித்தாள். "அடுத்த பேரு அப்படி இருக்கக் கூடாது. எத்தன பேரு நடுவுல, எவ்ளோ சத்தமா கூப்பிட்டாலும் நான் எழுந்து நிக்கணும். அதான் அளவு."

அதற்குப் பிறகு நான் அவளை அவசரப்படுத்தவில்லை.

ஆடி மாதம் என்பதால் ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம் சுலபமாகக் கிடைத்தது. மண்டபத்தோடு வாசலில் பூ அலங்காரப் பலகையும் உண்டு. பொண்ணு பெயர் ஒரு பக்கம், மாப்பிள்ளை பெயர் ஒரு பக்கம், நடுவில் சிவப்பு இதயம். எங்களுக்குப் பெயர் தேவையில்லை, பூ மட்டும் போதும் என்று அலங்காரக் கடைக்காரரிடம் சொல்லிவிடும்படி கியூசியிடம் விட்டோம்.

அந்தக் கடைக்காரர்கள் கன்னடக்காரர்கள் என்று மஞ்சு சொல்லியிருந்தான். ஆனால் அன்றைக்குப் போனை எடுத்தவர் தெற்கத்திச் சீமையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த அண்ணாச்சி. கியூசி பேசியது பிரஸ் ஷாப் வாசலில் நின்று. உள்ளே இரும்பு இடிக்கிற இடியில் அந்தப் பக்கம் பேசுவது எந்த மொழி என்றே அவளுக்குக் கேட்கவில்லை. பெயர் கேட்கிறார் என்று மட்டும் ஊகித்துக்கொண்டு, பெயர் வேண்டாம் என்பதைக் கன்னடத்தில், தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஹெசரு பேடா! ஹெசரு... பேடா!"

அந்தப் பக்கம் சரி என்பதுபோல ஏதோ கேட்டது.

விழா அன்று காலை மண்டப வாசலுக்குப் போனோம். செவ்வந்தியும் ரோஜாவும் சுற்றிய பெரிய பலகையில், ஆள் உயரத்துக்கு மேலே, வெள்ளைத் தெர்மாகோல் எழுத்துகள். இடது பக்கம் 'ஹெசரு'. நடுவில் இதயம். வலது பக்கம் 'பேடா'.

மஞ்சு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனால் சிரிக்கக்கூட முடியவில்லை, ஏதோ இழுப்பு வந்தவன்போல ஆகிவிட்டான். சாலையில் போன ஆட்டோ ஒன்று வேகம் குறைந்தது. ஓட்டுநர் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தம்பி, இதுல ஹெசருங்கறது பொண்ணா, மாப்ளையா?" என்று கேட்டார்.

"இன்னும் முடிவு பண்ணலண்ணா" என்றான் மஞ்சு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கியூசிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் வாழ்நாளில் அவள் கைவழியாக வெளியே போன முதல் பழுதான சாமான் அது. ஏணியை மடக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் போனாள்.

"யாருங்க இத எழுதினது?"

"நாந்தாம்மா. ஏன், எழுத்துப் பிழ எதும் இருக்கா?"

"ஹெசரு பேடான்னா பேரு வேணாம்னு அர்த்தம்!"

"அப்படியா!" அண்ணாச்சி நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். "நல்லா அழுத்தம் திருத்தமா சொன்னியளேம்மா."

"ஹெசருன்னு ஒரு ஆளுக்குப் பேரு இருக்குமா? ஒரு தரம் கேக்கத் தோணலயா உங்களுக்கு?"

"வந்த புதுசுல கேப்பேன்" என்றார் அவர். "ஒரு பேரச் சொன்னா, என்னது என்னதும்பேன். இப்படியுமா பேரு வைப்பாவன்னு கேப்பேன். சொன்னவுக மொகம் சுண்டிப்போவும். பெறவு யோசிச்சேன். அவுகவுக பேரு அவுகவுகளுக்குத் தெரியாதா? நாம யாரு கேக்கதுக்கு? இப்பல்லாம் சொன்னத எழுதிருதேன். கேள்வி கேக்கதில்ல."

கியூசி தோள்பையின் வாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப என்ன, பேரு வேண்டாம், அம்புட்டுத்தான? கழட்டிருதேன்மா" என்று அண்ணாச்சி ஏணியை மறுபடி சாத்தி ஏறினார். இடது ஓரத்திலிருந்து தொடங்கினார். கொம்பைப் பெயர்த்தார். ஹ-வைப் பெயர்த்தார். அடுத்த எழுத்தில் கை வைத்தார்.

"நிறுத்துங்க."

அண்ணாச்சி நிறுத்தினார். பலகையின் இந்தப் பக்கத்தில் ச, ரு என்று இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. கியூசி அவற்றைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"அங்க 'டா'வுல கால் இருக்குதுல்ல. அத மட்டும் பேத்து, இந்த ரெண்டுக்கும் நடுவுல வைங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஏணியை நகர்த்தினார், துணைக்காலைப் பெயர்த்தார், மறுபடி நகர்த்தினார், நடுவில் ஒட்டினார்.

சாரு.

மஞ்சு எழுந்து நின்றான். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா... கன்னடத்துல சாருன்னா ரசம்."

"தெரியும்."

"தெலுங்குலயும்..."

"அதுவும் ரசந்தான். தெரியும்டா."

"அப்போ ரூல் படி..."

அவள் பின்னோக்கி நடந்து சாலை ஓரம்வரை போய், அங்கிருந்து பலகையைப் பார்த்தாள். மறுபடி கிட்டே வந்து பார்த்தாள். எழுத்துகளின் இடைவெளி ஒழுங்காக இல்லை. ஒட்டிய கால் ஒரு பக்கம் நன்றாகவே சாய்ந்திருந்தது. எங்களுக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பைக்குள் கை விட்டு ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து, ரு-வுக்குக் கீழே ஒட்டினாள்.

"டீவியேஷன்ல பாஸ்" என்றாள்.

இறங்கும்போது அண்ணாச்சி ஏணியைப் பிடித்துக்கொண்டார். "பாத்து எறங்கு தாயி."

விழா தொடங்கியது. வரிசையாக மேடையேறிப் பெயர் சொன்னோம். மஞ்சு தன் முழுப்பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னான். நான் சொன்னபோது பரணில் இருக்கும் சிலேட் நினைவுக்கு வந்தது. கடைசியாக அவள் வந்தாள். அவளுக்குக் கனமான குரல். பஸ்ஸில், கடையில், அதைப் பாதியாக மடித்துத்தான் பேசுவாள். அன்றைக்கு மடிக்கவில்லை.

"என் பேரு சாரு."

மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒரு கணம் நின்று, "மைக் ஓகே" என்றாள்.

கைதட்டலும் சிரிப்பும் அடங்க நேரமாயிற்று. அதுவரைக்கும் அவள் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, மைக் ஸ்டாண்டின் திருகு சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருந்தாள். ஒரு திருகைச் சோதிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

மிச்ச எழுத்துகளை அண்ணாச்சி கழற்றிவிட்டார். இதயத்தை அவள் எடுக்க வேண்டாம் என்றுவிட்டாள். ஆகவே அன்று முழுவதும் வாசலில் சாரு, ஓர் இதயம், அதற்குப் பக்கத்தில் வெறும் இடம் என்று இருந்தது. வந்தவர்கள் குழம்பினார்கள். அண்ணாச்சி வேலை முடிந்தும் போகாமல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தவர், கேட்டவர்களுக்கெல்லாம் வாசலில் நின்று விளக்கம் கொடுத்தார்.

"இன்னொரு பேரு இன்னும் சொல்லல. சொன்னா எழுதிருவேன்."

சாரு இப்போது வேறு ஊரில், இதைவிடப் பெரிய கம்பெனியில் இருக்கிறாள். அங்கே யாராவது டீவியேஷன் கேட்டு வந்தால், பழைய பதில்தானாம். ஒருமுறை போனில், இருமலுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னாள்.

"பேரக் கூப்பிட்டாங்க ட்ரெய்னி. எழுந்துக்கல."

"ஏன்க்கா?"

"இன்னொரு தரம் கூப்பிடட்டும்னுதான்."

நான் இன்னும் ஓசூரில்தான் இருக்கிறேன். கேண்டீன் இட்லி மறுபடியும் தட்டையாகிவிட்டது. அத்திப்பள்ளிப் பையன்கள் தட்டை நீட்டி, "சாரு ஹாக்கி, சாரு" என்று ரசம் கேட்கும்போதெல்லாம், வாளி வருகிற பக்கத்தை விட்டுவிட்டு நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.